நெருப்பில் நின்று கையசைத்தவன்

காலேஜில் நாங்கள் நான்கு பேர் தொடர் ஓட்டம் ஓடினோம். 'ஓடினோம்' என்று நான் சொல்வதை மற்ற மூவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று பேர் ஓடினார்கள். நான் பேட்டனைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நான் மூன்றாவது ஆள், அவன் கடைசி ஆள். முதல் இருவரும் உயிரைக் கொடுத்துப் பிடித்து வைத்த தூரத்தையெல்லாம் நான் வளைவில் தாராளமாக வாரி இறைத்துவிட்டு வரும்போது, அவன் பஸ்ஸுக்கு நிற்பவனைப்போல இடுப்பில் கைவைத்து நிற்பான். "வாங்க போஸ்ட்மேன், இன்னைக்காவது தபால் வந்துச்சே" என்று கையை நீட்டுவான். அதன் பிறகு நடப்பதைப் பார்க்கத்தான் பெண்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் வளைவில் குனிந்து மூச்சு வாங்குவதைப் பார்க்க யாரும் வந்ததில்லை.

அவன் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் சிராங்கூன் ரோட்டில் பாதிப் பேர் "அட, அவனா" என்பார்கள். மீதிப் பேர் என்னைவிட நல்ல கதையாக ஒன்றைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு இந்த வயதில் இருக்கும் ஒரே சொத்து நாலு கதை சொல்லும் வாய்தான். அதிலும் போட்டி வேண்டாம்.

ஓர் இறுதிப் போட்டி. எல்லாரையும் தாண்டிவிட்டான். கோட்டுக்கு முன்னால் திரும்பி, பின்பக்கமாக ஓட ஆரம்பித்தான். இரண்டாவதாக வந்துகொண்டிருந்த பையனின் முகத்தைப் பார்த்தபடி, காலையில் சாப்பிட்டாயா என்று அக்கறையாக விசாரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டினான். எங்கள் பயிற்சியாளர், ஒரு சீனர், தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். அரங்கமே சிரித்தது. அவன் எல்லாத் திசைக்கும் கையசைத்தான்.

ஷூவைக் கழற்றியபோதுதான் சாக்ஸ் முழுக்க ரத்தம் என்று தெரிந்தது. கட்டைவிரல் நகம் இல்லை. காலையில் பயிற்சியின்போதே பிய்ந்துவிட்டதாம். ஏன் சொல்லவில்லை என்று பயிற்சியாளர் கத்தினார். சொல்லியிருந்தால் ஓட விட்டிருப்பீர்களா என்று கேட்டான். எனக்கு ஒரு சுளுக்கு என்றால் மூன்று புளோக் அடுக்குமாடிகளுக்குச் செய்தி போகும். அவனுக்கு நகமே போனாலும் அவன் சாக்ஸுக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் அப்படித்தான். வலி என்பது அவனுடைய சொந்த விஷயம். வேடிக்கை என்பது ஊருக்குப் பொது.

பிறகு எல்லாரையும்போல எங்களுக்கும் வயிறு வந்தது, முடி போனது. நால்வரில் ஒருவன் பெர்த்துக்குப் போய் ஆட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் வீடு வாங்கினான். இன்னொருவன் டாக்சி ஓட்டினான். கடைசி ஆளான அவனுக்கு வீடு சுவா சூ காங்கில், வேலை தெம்பனிஸில் ஒரு சரக்குக் கிடங்கில். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தினமும் ரயிலில் போய் வந்தான். ஏன்டா இப்படி என்று கேட்டால், நாட்டில் எவனாவது ஒருத்தன் முழு டிராக்கையும் ஓடித்தானே ஆகவேண்டும் என்பான்.

சனிக்கிழமை பகலில் லிட்டில் இந்தியாவில் ஒரு புரோட்டாக் கடையில் கூடுவோம். ரயில் நிலையத்திலிருந்து வெளியே வர அவனோடு மின்படியில் ஏற முடியாது. பக்கத்துப் படிக்கட்டில் பந்தயம் வைப்பான். நான் பாதியில் நின்று, ஏதோ முக்கியமான அழைப்பு வந்ததுபோல போனைக் காதில் வைத்துக்கொள்வேன். அவன் மேலே நின்று, "யாருடா லைன்ல, ஆம்புலன்ஸா?" என்று கேட்பான்.

அவனுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. அதுவும் அவனுக்கு வேடிக்கைதான். தே ஓ கோசோங் என்று சர்க்கரையில்லாத தேநீருக்கு உரக்க ஆர்டர் கொடுப்பான், ஊரே கேட்கவேண்டும் என்பதுபோல. அது வருவதற்குள் ஒரு ஜிலேபியை முடித்திருப்பான். மாத்திரை போடுகிறாயா என்று கேட்டால், டாக்டர் சிரிக்கும் அளவுக்குப் போடுகிறேன் என்பான். அது என்ன அளவு என்று நாங்கள் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை சிராங்கூன் ரோட்டைக் கடந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் அவனுடைய ஒரு செருப்பு சாலை நடுவில் கிடந்தது. அவன் ஒற்றைச் செருப்போடு பூக்கடை வரை போய்விட்டான். கத்திக் கூப்பிட்டதும் குனிந்து தன் காலைப் பார்த்தான். ஒரு நொடி அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு சிரித்துக்கொண்டு, வெறுங்காலைத் தூக்கிக் காட்டி, பூக்கடைக்காரரிடம் இது யாருடைய கால் என்று விசாரித்தான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். வழக்கமான கூத்துகளில் ஒன்று என்று நினைத்தோம். நாங்கள் அப்படியே நினைக்கட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

அவன் மனைவி குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியை. மென்மையான குரல். அவனுடைய சத்தத்துக்கு நடுவே அவள் பேசுவது, கல்யாண வீட்டு மேளத்துக்கு நடுவே யாரோ முகவரி சொல்வதுபோல இருக்கும். அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, அதன்பின் மருந்து. மருந்து ஏற்றும் அறையில் வரிசையாக நாற்காலிகளில் பெண்கள் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். அவன் அங்கேயும் போய் ஓட்டப்பந்தய வர்ணனை செய்திருக்கிறான். மூன்றாவது லேனில் ஆன்ட்டி முந்துகிறார், ஐந்தாவது லேனில் அக்கா பாத்ரூம் போனதால் பின்தங்கிவிட்டார் என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் மாறி மாறி. தாதியர் அதட்டினார்களாம், ஆனால் அவன் வராத நாளில் எங்கே என்று கேட்டார்களாம்.

அந்த வருஷம்தான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டான். மூன்று வருஷம் தீ மிதிக்கிறேன், இவளைக் கொடுத்துவிடு. எங்களுக்கு ஆச்சரியம். கோயிலுக்கு அவன் வந்தால் அன்னதான வரிசையில்தான் நிற்பான். அவள் மட்டும் ஆச்சரியப்படவில்லை, அந்த வேண்டுதலை அப்படியே பிடித்துக்கொண்டாள். டாக்டர்கள் சதவிகிதம் சொன்னார்கள். இவன் ஒருத்தன்தான் சதவிகிதம் சொல்லாமல் வாக்குக் கொடுத்தான்.

முதல் வருஷம் சிராங்கூன் ரோட்டிலிருந்து மஞ்சள் வேட்டியும் வேப்பிலையும் எலுமிச்சம்பழமுமாகக் கூட்டத்தோடு கோயிலுக்கு நடந்துபோய், குழியைப் பார்த்ததும் அவனுக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. ஓடிவிட்டான். மிதிப்பது என்றால் நடப்பது. ஓடினால் விழுவார்கள், அதனால் ஓடக்கூடாது என்று ஆயிரம் முறை சொல்லியிருந்தார்கள். மறுமுனையில் பால்குழியில் தொண்டர்கள் அவனைப் பிடித்து நிறுத்தித் திட்டினார்கள். பழக்கதோஷம் அண்ணே, கையில் பேட்டன் இல்லாததே இப்போதுதான் தெரிகிறது என்றானாம்.

அதே நாளில் அவன் புளோக்கைச் சேர்ந்த ஒருவர் காலில் கொப்புளத்தோடு குழியிலிருந்து வெளியே வந்தார். பக்கத்து புளோக்கில் ஓர் அக்கா உண்டு. கோயில் காரியம் எதிலும் முதலில் நிற்பவர். யார் எத்தனை நாள் விரதம் இருந்தார்கள் என்பது அவரவர் வயிற்றைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அவன் மனைவியிடம் சொன்னார்: "அம்மா பொய் சொல்லமாட்டாம்மா. கால் சுட்டுச்சுன்னா விரதத்துல எங்கயோ குறை. வேண்டுதல் போய்ச் சேரல." அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அவனிடம் சொன்னாள். அவன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டாள் என்று அவன் எங்களிடம் சொன்னான்.

இரண்டாவது வருஷம் நடந்தான். மூன்றாவது வருஷம் நாங்களும் பார்க்கப் போனோம். பெயர் பதியும்போது உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு, காதல்தான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அந்தி நேரம். குழியில் கனல் காற்றுக்குச் சிவந்து சிவந்து அடங்கியது. தள்ளி நின்ற எனக்கே முகம் காய்ந்தது. அவன் இறங்கினான். நிதானமாக நடந்தான். பாதிக் குழியில் நின்றான். நின்று, கூட்டத்தில் எங்களைக் கண்டுபிடித்து, கையைத் தூக்கி ஆட்டினான்.

"அம்மா! தாயே!" என்று சுற்றிலும் குரல் எழுந்தது. என் பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா கண்ணீர் விட்டார். தொண்டர் ஒருவர் ஓடிவந்து அவனை இழுத்துப் பாலில் தள்ளினார். நான் பக்தன் இல்லை. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. வெளியே வந்து உட்கார்ந்தவனின் காலை, பாலும் சாம்பலும் மஞ்சளுமாக இருந்த காலை, நாலைந்து பேர் தொட்டுக் கும்பிட்டார்கள்.

"சுடலயாடா?" என்று கேட்டேன்.

"பூ மாதிரி இருந்துச்சு, லா," என்றான். பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் இருந்தது.

வலியை மறைப்பதில் அவன் கெட்டிக்காரன் என்று இருபது முப்பது வருஷமாக நினைத்திருந்தோம். அன்றைக்கு மறைக்க வலியே இல்லை. இனிப்பு நீர் அவன் பாதத்தின் நரம்புகளை எப்போதோ கொன்றுவிட்டிருந்தது.

சில நாள் கழித்து ஈரமாக ஏதோ மிதித்ததுபோல வீட்டுத் தரையில் தடம் இருப்பதைப் பார்த்துத்தான் அவன் தன் காலைத் திருப்பியிருக்கிறான். தோல் கழன்று கிடந்தது. அவளுக்குப் பெரிய ஸ்கேன் அடுத்த மாதம். அது நன்றாக வந்தால் முடிந்தது; மருந்து இல்லை, ஊசி இல்லை. அவன் போய் ஒரு ஜோடி சாக்ஸை எடுத்து மாட்டிக்கொண்டான்.

வீட்டுக்குள் சாக்ஸ், தூங்கும்போதும் சாக்ஸ். வயதாகிவிட்டது, ஏர்கான் குளிர்கிறது என்றான். கிளினிக்குக்குப் போகவில்லை. போனால் மருந்துப் பை வீட்டுக்கு வரும், கட்டு வரும், கேள்வி வரும். ஏதோ களிம்பை வாங்கிக் கிடங்கின் கழிப்பறையில் வைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

சனிக்கிழமை வந்தான், சிரித்தான். படிக்கட்டுப் பந்தயம் மட்டும் வேண்டாம், போஸ்ட்மேனுக்கு வயதாகிவிட்டது, பாவம் என்றான். நான் உள்ளுக்குள் நன்றி சொன்னேன். கடையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை. எலி செத்திருக்கும் என்றான் டாக்சிக்காரன். கடைப்பையனைக் கூப்பிட்டு மேசைக்கு அடியில் பார்க்கச் சொன்னோம். அவனும் எங்களோடு சேர்ந்து குனிந்து தேடினான். பிறகு நிமிர்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "போஸ்ட்மேன், உன் சாக்ஸை மாத்துடா, கடைக்கு லைசென்ஸ் போயிடும்" என்றான். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் என் ஷூவைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை.

ஸ்கேன் எடுத்தாயிற்று. முடிவு வியாழக்கிழமை என்றார்கள். அதற்கு முந்திய திங்கட்கிழமை அவன் கிடங்கில் காய்ச்சலில் விழுந்தான். ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அவன் தன் மனைவியின் நம்பருக்குப் பதிலாக என் நம்பரைக் கொடுத்திருந்தான்.

நான் போனபோது கால் துணிக்கு அடியில் இருந்தது. வாடையை மூட எந்தத் துணியும் போதவில்லை. பற்கள் கிட்ட, "வாங்க போஸ்ட்மேன்" என்றான். என்னடா இது என்றேன். எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னான். முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும், இன்றே எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வியாழக்கிழமை வரைக்கும் கால் இருக்கட்டும்னு கேட்டிருக்கேன்," என்றான்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அதுவரைக்கும் நீ இருக்கணுமேங்கிறாரு."

நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்தினான்.

"டே, சுட்டுச்சுன்னு தெரிஞ்சா வேண்டுதல் போய்ச் சேரலன்னு நெனச்சுக்குவா. அப்புறம் ரிசல்ட் நல்லா வந்தாலும் நம்பமாட்டா. ஒவ்வொரு இருமலுக்கும் பயந்துக்கிட்டே கெடப்பா. என்னால அதப் பாக்க முடியாது. நீ போயி அவகிட்ட, கால்ல ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஏறிடுச்சுன்னு சொல்லு. நீதான் நல்லா பொய் சொல்லுவ."

"சின்னப் பொய்தான்டா எனக்கு வரும்."

"இதுவும் சின்னதுதான். ஒரு கால்தான."

தாழ்வாரத்தில் அவள் நின்றிருந்தாள். கிடங்கிலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். மருந்துக்குப் பிறகு குட்டையாகவே வைத்துக்கொண்ட முடி, பள்ளிக்கூடப் பையன்போல. நான் ஃபோர்க்லிஃப்ட் கதையைச் சொன்னேன். ஓட்டுநர் புதிது, தரை ஈரம், பிரேக் சரியில்லை என்று தேவைக்கு மேல் அலங்காரம் செய்தேன். அவள் கடைசி வரை கேட்டாள்.

"ஃபோர்க்லிஃப்ட் ஏறினா இப்படி நாறுமாண்ணே?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்ணே. சாக்ஸைத் துவைக்கவே குடுக்கல. நான் கேக்கல. கேட்டா கழட்டிக் காட்டிருவாரோன்னு பயம். சுடலன்னே இருக்கட்டும்னு இருந்துட்டேன். ஸ்கேன் முடியட்டும்னு இருந்துட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "அவரு எனக்காக மறைச்சாரு. நான் யாருக்காக?"

உள்ளே போனாள். கால்மாட்டில் நின்று துணியை விலக்கினாள். அவன், பாக்காத, பாக்காத லா என்று கையை நீட்டினான். அவள் பார்த்தாள். குழந்தைகளின் சிராய்ப்பைப் பார்க்கிறவள்போல, முகம் மாறாமல், நன்றாகப் பார்த்துவிட்டு மூடினாள்.

"நான் பொழைக்கிறதும் போறதும் உங்க கால்ல இல்ல. சைன் பண்ணுங்க."

"மூணு வருஷம் நடந்தேனே," என்றான்.

"நடந்தீங்க. போதும். சைன் பண்ணுங்க."

கையெழுத்துப் போட்டான். படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஏதாவது ஒன்று சொல்வான் என்று கூடவே நடந்தேன். கதவு வரை காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

காலை எடுத்தார்கள். விஷம் அதற்கு முன்பே மேலே ஏறியிருந்தது. அவன் கண் திறக்கவில்லை. வியாழக்கிழமை அவள் போய் முடிவைக் கேட்டுவிட்டு வந்தாள். ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கு நடுவே குனிந்து அதை அவன் காதில் சொன்னாள். கேட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தேன். சனிக்கிழமை போய்விட்டான்.

சுவா சூ காங் புளோக்கின் கீழ்த்தளத்தில் கிடத்தியிருந்தோம். அவன் பின்பக்கமாக ஓடிய கதையை வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிரித்தார்கள், பிறகு சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெண்கள் அவள் பக்கம் போனார்கள். உன் புருஷன் வேண்டுதல்தான் உன்னைக் காப்பாற்றியது, தன் உயிரைக் கொடுத்து உன்னை மீட்டிருக்கிறான் என்றார்கள் ஒவ்வொருவராக. அவள் எல்லாருக்கும் தலையாட்டினாள்.

மண்டாய்ச் சுடுகாட்டுக்குக் கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது. பக்கத்து புளோக் அக்கா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவள் அருகில் போட்டு உட்கார்ந்தார். அவள் தலையைத் தடவினார். குரலைத் தாழ்த்தினார், அக்கா தாழ்த்திய குரல் லிஃப்ட் வரைக்கும்தான் கேட்கும்.

"கால் சுட்டிருந்துச்சாமேம்மா? விரதத்துல ஏதாச்சும்..."

என் கதை பாதியில் நின்றது.

"விரதத்துல ஒரு குறையும் இல்லக்கா," என்றாள். "அவருக்கு இனிப்பு நீர். கால் மரத்துப் போயிருந்துச்சு. சுட்டது அவருக்கே தெரியல."

"இனிப்பு நீர் யாருக்குத்தான் இல்ல? எனக்கும் ரொம்ப வருஷமா இருக்கு. பாதம் பஞ்சு மேல நடக்குற மாதிரி திம்முன்னு இருக்கும். அதுக்காக..."

அவள் நாற்காலியிலிருந்து இறங்கிச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"செருப்பக் கழட்டுங்கக்கா."

"என்னம்மா இது, சாவு வீட்டுல. எந்திரி, எல்லாரும் பாக்குறாங்க."

அவளே கழற்றினாள். அக்காவின் காலை மடியில் எடுத்து வைத்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள். குதிகாலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு விரலாக விலக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அக்கா சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். சவ வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் என்னிடம் வந்து நேரமாகிறது என்றார்.

அவள் நிமிரவில்லை. மடியிலிருந்த காலை மெதுவாக இறக்கி வைத்தாள்.

"அந்தக் காலையும் குடுங்க," என்றாள்.